அண்ணன் சேர்ந்த சங்கமும் வழி அடைபட்ட நான்கு நாட்களும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணி. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளி எழுத்தர் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், தியாகதுருகம் ரோட்டுல புளியமரத்த வெட்டிச் சாச்சிட்டாங்களாம். பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சு. பிள்ளைங்கள வூட்டுக்கு அனுப்பச் சொல்றாரு எச்செம்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு உடனே வேன்தான் நினைவுக்கு வந்தது. அன்று காலை ஏழு மணிக்கு அண்ணன் அந்த வேனில் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டிருந்தார். கூடவே என் ஒரே மகள் சுமதியும் போயிருந்தாள்.

அண்ணன் போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலர், சாலைகள் அடைபட்டிருந்த அந்த வாரத்தில் வர முடியாமல், பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தீர்கள். நடந்ததை ஆளுக்கொரு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

அண்ணன் மணலூர்பேட்டைக்கு அருகே, பெண்ணையாற்றங்கரையில், குத்தகை நிலத்தில் கரும்பு வைத்த குடும்பத்தின் மூத்த பிள்ளை. அப்பா இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஆறு. எஸ்.எஸ்.எல்.சி. தேறியும் மேலே படிக்காமல், கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் மூட்டை தூக்கச் சேர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சொந்தக் கடை வைத்தார். என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியவர் அவர். எனக்குத் திருமணம் முடித்த பிறகே தானும் மணம் செய்துகொண்டார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. என் கணவருக்குச் சென்னையில் வேலை என்பதால், சுமதி பாதி நாள் அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். தன் உடம்புக்கு ஒன்று என்றால் அண்ணன் வாய் திறக்க மாட்டார். நெஞ்சு வலிக்கு அவர் மாத்திரை சாப்பிட்டுவந்தது எனக்கே ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

மருந்துக்கடை பாய் அழைத்து, ஐந்தாண்டுகளுக்கு முன் அண்ணன் ஊர்ச் சேவைச் சங்கத்தில் சேர்ந்தார். நம் வீடுகளில் அது பெரிய கேலியாக இருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா, "ஏம்ப்பா, உங்க சங்கத்துல சேர்ந்தா செத்தா மாலையாவது போடுவாங்களா?" என்று கேட்டார். "போடுவாங்க சித்தப்பா. உங்களுக்கும் சேத்துச் சொல்லி வைக்கறேன்" என்று அண்ணன் சிரிக்காமல் சொன்னார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தவள்தான். கடையைப் பூட்டிவிட்டு ஊருக்கு உழைப்பதில் என்ன ஆதாயம் என்று அவரிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

சங்கம் ஆண்டுதோறும் மலைக் கிராமத்தவர்களைக் கீழே அழைத்துவந்து கண்புரை அறுவை செய்வித்தது. முதல் ஆண்டு, பஸ் ஏற்றிவிட்ட ஒருவர் வழி தவறி, கண்கட்டை அவிழ்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். அதிலிருந்து, அழைத்து வந்தவர்களே ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட வேண்டும் என்பதை அண்ணன் வழக்கமாக்கினார்.

திங்கட்கிழமை மாலை அவரிடம் மன்றாடினேன். "ஊரே ஒரு மாதிரி இருக்குதுண்ணா. நாலு நாள் கழிச்சுப் போனா இன்னா?"

"ஒம்போது பேரு கண்ணக் கட்டிக்கினு சத்திரத்துல கெடக்கறாங்க பாப்பா. வூட்ட நெனச்சு அழுவறாங்க. அழுதா கண்ணு கெட்டுடும்."

"சரி, சுமதி எதுக்கு?"

"அஞ்சு பேரு பொம்பளைங்க. சொட்டு மருந்து ஊத்த நான் கத்துக்குடுத்தா கூச்சப்படுவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு உம் பொண்ணு உன் வூட்டுல இருப்பா, போ."

நானும் சரி என்றேன். அப்படிச் சொன்னதை நினைக்காமல் இந்த ஓராண்டில் ஒரு நாளும் விடிந்ததில்லை.

ஆறு மணிக்கு அவர்கள் வரவில்லை. தொலைபேசி வேலை செய்யவில்லை. புதன்கிழமை காலை மருந்துக்கடை பாய், அண்ணன் வீட்டில் காத்திருந்த எங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே நிறுத்தி, "உங்க சங்கத்தாலதான் எம் பொண்ணு போனா" என்று தெரு கேட்கக் கத்தினேன். அவர் பாத்திரத்தை அண்ணியிடம் கொடுத்துவிட்டு எதிர் வீட்டு நிழலில் போய் நின்றார்.

அன்று மதியம் ஏழுமலை வந்தார். கச்சிராயபாளையம் பக்கத்துக் கரும்பு விவசாயி. அண்ணனுடன் சங்கத்தில் இருந்தவர். அந்த வாரம் இடஒதுக்கீடு கேட்டு மறியலில் நின்றவர். அவர்கள் கேட்டது நியாயம் இல்லை என்று நான் எழுத வரவில்லை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

"வண்டிய வுட்டது நான்தான் டீச்சர்" என்றார் ஏழுமலை. "அண்ணன் வண்டின்னு தெரிஞ்சதும் கெடந்த கெளைய இழுத்துப் போட்டு வழி வுடச் சொன்னேன். மத்தியானம் வந்த ஆளுங்க மலையடி வரைக்கும் வெட்டிச் சாச்சிட்டாங்க. திரும்பி வரணுமேன்னு எனக்குத் தோணவே இல்லியே."

"நீ வுடாம இருந்திருந்தா எம் பொண்ணு இன்னேரம் வூட்டுல இருப்பா."

"ஆமாங்க" என்றார். வெளியே போய்ப் பாயோடு ஏதோ பேசினார். அண்ணி மாத்திரை டப்பாவை எடுத்துவந்து கொடுத்தார். அண்ணன் அன்றைக்கு ஒரு நாளுக்கான மாத்திரை மட்டுமே எடுத்துப் போயிருந்தார். இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினார்கள்.

இனி எழுதுவது சுமதி சொன்னது. ஒன்பது பேரையும் வீடு சேர்த்துவிட்டு மாலையில் வேன் இறங்கியபோது வழி இல்லை. மேலேயே ஒரு கிராமத்தில் தங்கினார்கள். அந்த நாட்களிலும் அண்ணன் வீடு வீடாகப் போய்க் கண்கட்டுகளைப் பார்த்தாராம். வியாழக்கிழமை மாலை நெஞ்சு வலி வந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் மலைக்காரர்கள் கம்பில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, அவரைச் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். அடிவார ஓடை அருகே தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை. பாயும் ஏழுமலையும் பல தடுப்புகளில் நாள் கணக்கில் நிறுத்தப்பட்டு, மாத்திரையோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது அரை மணி தாமதமாகிவிட்டது. அங்கிருந்து கள்ளக்குறிச்சி வரை, ஒவ்வொரு தடுப்பிலும் நின்றவர்களே கம்பைத் தோளில் வாங்கி மரத்தைத் தாண்டிக் கொண்டுவந்து விட்டார்களாம்.

சங்கத்தில் சேராமல் இருந்திருந்தால் அண்ணன் இன்று கடையில் உட்கார்ந்திருப்பார். இதை யார் சொன்னாலும் என்னால் மறுக்க முடியாது. ஆனாலும் போன மாதம் நான் அதே சங்கத்தில் சேர்ந்தேன். அதில் சேர்ந்த முதல் பெண் நான். என்ன ஆதாயம் என்று இப்போது என்னைக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீ யார், எந்தப் பக்கம் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த அந்த நான்கு நாட்களில், அதைக் கேட்காமல் எங்கள் வாசலில் வந்து நின்றவர்கள் எல்லாரும் அண்ணனுக்கு அந்தச் சங்கத்தால் கிடைத்தவர்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகியிருந்தார்கள். ஏழுமலை கூட இருந்ததால் பாய் தடுப்புகளைக் கடந்தார். அந்தப் பழக்கத்தை ஆபத்து வந்த அன்றைக்குப் போய்ச் சம்பாதிக்க முடியாது. இதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்கு மனம் தெளியவில்லை.

நான் திட்டிய பிறகும் மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பிய பாய் வீட்டாருக்கு என் நன்றி. ஏழுமலைக்கு நன்றி சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆயிற்று, இங்கும் சொல்கிறேன். தோள் மாற்றிச் சுமந்த மலைக்காரர்களுக்கும், மரத்தைத் தாண்டிக் கொண்டுவந்து விட்ட பெயர் தெரியாதவர்களுக்கும், என்னையும் தாங்கி நின்ற அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தெருமுனையில் அந்தக் கம்பளித் தொட்டில் தெரிந்தது. அண்ணி ஓடினார். நான் அண்ணனைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் என் மகளைத் தேடினேன். அண்ணன் என்னை மன்னிக்கட்டும். எல்லாருக்கும் பின்னால் சுமதி வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வயதுப் பெண் ஒருவர் நடந்து வந்தார். ஒரு கண்மேல் பச்சைத் துணி தொங்கியது. வெயிலில் போகக்கூடாது, தூரம் நடக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய ஒன்பது பேரில் ஒருவர். மகளின் கையை என் கையில் வைத்து அவர் சொன்னார்:

"இந்தாம்மா உம் பொண்ணு. ஒரு எடத்துலயும் தனியா வுடல. நீ போவாத, கண்ணு கெட்டுடும்னு எல்லாரும் சொன்னாங்க. ஆம்பளைங்க கூட்டத்துல வயசுப் பொண்ண எப்படி ஒத்தையா அனுப்பறது? ரெண்டு வருசமா வாசப்படி தெரியாம கெடந்தவ நானு. இப்பதான் வழி தெரியுதே, நான் வராம வேற யாரு வருவா?"