சவரி அண்ணன் தூக்கிய கை

சவரி அண்ணன் போய்விட்டார். இன்று காலை, மகள் வீட்டில், தூக்கத்திலேயே...

ஃபோன் வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. இதை நான் எழுதலாமா என்று தெரியவில்லை. இரண்டு முறை எழுதி அழித்துவிட்டேன்.

சவரிமுத்து. காரைக்கால்காரர். சோலோன் மார்க்கெட்டில் லாரி ஓட்டியவர். சைகோனில் எங்கள் சந்தில் அவருக்கு எதிர் வீடு எனக்கு.

போர் முடிந்து, ஆட்சியும் ஊரின் பெயரும் மாறிய புதிதில், சந்துக்கு ஒரு குழுத் தலைவர் வேண்டும் என்றார்கள். அரிசி வரும் நாளைச் சொல்ல வேண்டும், நோட்டீஸ் வாசிக்க வேண்டும். சாயங்காலம் வீடு வீடாகப் போய், யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று லிஸ்ட் எழுத வேண்டும்.

கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவன், வியட்நாமிய மொழியைப் பிழையில்லாமல் எழுதுபவன். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

என் மச்சினன் அப்போது எங்கள் வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தான். தோற்றுப்போன பழைய அரசின் படையில் இருந்தவன், பிடித்தால் முகாமில் அடைத்துவிடுவார்கள். நான் தலைவரானால் என் வீட்டு லிஸ்டையும் நானே பொய்யாக எழுத வேண்டும். அவன் பரணில் இருப்பது வெளியே சவரி அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவர் கையைத் தூக்கினார்.

"கடைக்கு அனுப்பினா பாதிய மறந்துட்டு வர்ற மனுசன், இந்தச் சந்து மொத்தத்தையும் கட்டி மேய்க்கப் போறாராம்" என்று அவர் மனைவி வியட்நாமிய மொழியில் சத்தமாகச் சொன்னார். கூட்டமே சிரித்தது.

அண்ணனுக்கு அந்த மொழி பேச வரும், வாசிக்க வராது. நோட்டீஸ்களை நான் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். குரல் ஏற வேண்டிய இடத்தில் மேலே ஓர் அம்பு, இறங்க வேண்டிய இடத்தில் கீழே ஓர் அம்பு.

மெகாபோனில் அவர் வாசிக்க, பிள்ளைகள் கூடவே ராகம் போடுவார்கள். "உன் அம்பு கோணலா இருக்குடா தம்பி, என் மேல தப்பில்ல" என்பார்.

ஒரு சாயங்காலம் லிஸ்டோடு வாசலுக்கு வந்தார்.

"எத்தனை பேருடா?"

"நாலு பேர் அண்ணே."

நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வாசலில்தான் நிற்கிறோம். பரணிலிருந்து இருமல் கேட்டது.

"பூனைக்குச் சளி போல. கஷாயம் வச்சுக் குடு" என்றார். நாலு என்று எழுதிக்கொண்டு போனார்.

எங்கள் வீட்டில் பூனை கிடையாது. மச்சினன் பிடிபட்டிருந்தால் அவரும்தான் ஜெயிலுக்குப் போயிருப்பார்.

சில மாதம் கழித்து மச்சினன் கடலோரத்தில் வுங் டாவ் பக்கம் போய், நாட்டை விட்டே படகேறினான். இன்று அவனுக்குப் பேரன் இருக்கிறான்.

அன்று பரணில் மச்சினன் இல்லாதிருந்தால் மட்டும் நான் கை தூக்கியிருப்பேனா... மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் தலைவரானீர்கள் என்று பிறகு ஒருமுறை கேட்டேன். "மெகாபோன் தர்றேன்னாங்கள்ல" என்றார். பாதி நம்பினேன். அது அவர் கையில் இருந்தபோது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் மறுபடி கேட்டேன். பக்கத்தில் மகள் இருந்தாள், அவளுக்குத் தமிழ் தெரியாது.

"அண்ணே, அன்னைக்கு எனக்காகவா கை தூக்கினீங்க?"



"நீ ஏன் தூக்கலன்னு நான் என்னைக்காவது கேட்டனாடா?"

கேட்டதில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் எதிர் வீட்டில் இருந்தும், ஒரு நாள்கூட...

அப்போதாவது நன்றி சொல்லியிருக்கலாம். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போய் வாங்க அண்ணே.