கெட்டுப்போன பீரைப் புகழ்ந்தேன்

மட்டாஞ்சேரியில் ஒரு விடுதியில் நான் சமையல்காரன். இரண்டு மாதம் முன்பு வந்த காய்ச்சலில் எனக்கு வாசனை தெரியாமல் போனது. வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மதியம், சொந்தமாக பீர் தயாரிக்கும் சேட்டன் ஒருவர் மூன்று வகை கொண்டுவந்தார். மீன் வறுவலுக்கு எது சேரும் என்று நான் சொல்ல வேண்டும். வெளிறிய கோதுமை பீரைக் குடித்து, "ஆரஞ்சு வாசனை" என்றேன். கறுப்பு பீருக்கு, "காப்பி மணம்" என்றேன். நிறத்தைப் பார்த்துச் சொன்னதுதான். முதலாளி போன் பேச வெளியே போயிருந்தபோது மூன்றாவதைக் குடித்தேன். கசப்பு மட்டும் தெரிந்தது.

"இதுதான் பிரமாதம்."

சேட்டன் முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தது. "அழுகின முட்டை நாத்தம் அடிக்குது. தெரியலையா அண்ணா?"

கோப்பையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

முதலாளி திரும்பி வந்து, "மூணாவது எப்படி?" என்றார்.

"அது கேடாயிப்போச்சு சாரே. உங்க ஆளுதான் கண்டுபிடிச்சது" என்றார் சேட்டன்.

முதலாளி பெருமையாக என் தோளைத் தட்டினார்.

மறுநாள் காலை அவரிடம் உண்மையைச் சொன்னேன். வேலை போகவில்லை. இப்போது என் குழம்பை வேறொருவர் முகர்ந்து பார்க்கிறார்.

அன்று எனக்கு வெட்கமும் வரவில்லை, சேட்டனுக்கு நன்றி சொல்லவும் தோன்றவில்லை. மூக்கு மட்டும்தான் மரத்துப்போயிருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.