அனுசுயா பார்க்காத பத்து நிமிடம்

மொட்டைத் தலை ஒன்று குனிந்ததும் அனுசுயாவின் வலது கை தானாகச் சந்தனக் கிண்ணத்துக்குள் போகிறது. முன்நெற்றியில் தொடங்கிப் பிடரி வரை ஒரே இழுப்பு, காதுக்குப் பின்னால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். "யல்லா, யல்லா, அடுத்த தல வாங்க!" கை வேலை செய்யும்போது வாய் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்தவர்கள் அது ஏதோ தமிழ் முருகன் பாட்டு என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் அதைத் தெலுங்குக் கீர்த்தனை என்று நினைத்துக் கைகூப்புகிறார்கள். உண்மையில் அது எகிப்து நாட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில், டிராம் வண்டிக் கண்டக்டர் ஒருவன் பணக்கார வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் பாடுகிற காதல் பாட்டு. மலைமேல் இருப்பவருக்கு ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை. வேடம் போட்டுக்கொண்டு பெண்ணின் பின்னால் அலைந்த அனுபவம் அவருக்கும் உண்டு.

திருத்தணியில் சரவணப் பொய்கைக் கரையில், படிக்கட்டுக்குப் போகிற வழியில் அனுசுயாவின் சந்தனக் கடை. கடை என்றால் ஒரு பெஞ்சு, ஒரு குடை, இரண்டு கிண்ணம். வயது ஐம்பத்தொன்று. வலது கை மணிக்கட்டு வரை மஞ்சளாகவும் இடது கை சாதாரண நிறத்திலும் இருக்கும். எங்கள் தெருவில் அவர் வீட்டு மாடியில் நான் எட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். காலை ஐந்தரைக்கு அந்தப் பாட்டுத்தான் என்னை எழுப்புகிறது. எனக்கு இப்போது அதன் இரண்டாம் சரணம் வரை மனப்பாடம். பொருள் தெரியாது. அனுசுயாவுக்கும் முழுதாகத் தெரியாது என்பது என் சந்தேகம்.

பதினான்கு வருடம் குவைத்தில் ஒரு வயதான சீமாட்டிக்குத் துணையாக இருந்தவர் அவர். சீக்கிரம் என்பதற்கு 'யல்லா' என்று சொல்வதும் அங்கே பழகியதுதான். அந்த அம்மாள் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரே ஒரு படத்தைப் போடுவாராம். வாரம் தவறாமல், அதே படம். "கண்ணு சரியா தெரியாது அதுக்கு. ஆனா படத்துல எவனாச்சும் கதவத் தொறந்தா, இன்னார் வராங்கன்னு முன்னாடியே சொல்லிடும்" என்பார் அனுசுயா. கணக்குப் போட்டால் எழுநூறு தடவைக்குக் குறையாது. ஆனாலும் படத்தின் முடிவு அவருக்குத் தெரியாது.

கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு கையும் அதில் நடிக்கும். "பெரிய வூட்டுப் பொண்ணு. அவ வூட்டு வேலைக்காரி மாரி வேசம் போட்டுகினு டிராம்ல ஏறிடறா. கண்டக்டரு பாட்டு பாடியே சீட்டு கிழிக்கறவன். பொண்ணோட அப்பன் செவப்புக் குல்லா போட்டுகினு தேடிகினு வரான். கண்டக்டரு துணி வெளுக்கப் போடற கூடைக்குள்ள ஒளிஞ்சிகினு அங்கயும் பாடறான். கூடை ஆடுது!" கறுப்பு வெள்ளைப் படத்தில் குல்லா சிவப்பு என்று எப்படித் தெரிந்தது என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆங், நீங்க வந்து பாத்தீங்களா?" என்றார்.

கடைசியில் துறைமுகம். பெண்ணைக் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்பப் பார்க்கிறார் அப்பா. அவள் தன் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள். கண்டக்டர் ஓடி வருகிறான். முதன்முறையாகப் பாடாமல், மூச்சு வாங்க, என்னோடு இருக்கிறாயா என்று கேட்கிறான். சரியாக அந்த இடத்தில்தான் சீமாட்டிக்கு மாத்திரை நேரம். "ஹலீப்!" என்று குரல் வரும். அரபியில் பால். அனுசுயா அடுக்களைக்குப் போய்ப் பால் காய்ச்சி, ஆற்றி, எடுத்துக்கொண்டு வரும்போது திரையில் எழுத்து ஓடும், சீமாட்டி குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். மறுநாள் முடிவு என்னவென்று கேட்டால், "அடுத்த வெள்ளிக்கிழமை நீயே பாரேன்" என்று சிரிப்பாராம். பதினான்கு வருடமும் அதே பதில். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சீமாட்டி இல்லை. அனுசுயா ஊருக்குத் திரும்பிவிட்டார். "பெத்த தாய்க்குக்கூட அவ்ளோ பால் காய்ச்சல நானு" என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும்.

இதெல்லாம் ஒரு விதவைப் பெண்மணியின் சொந்த வினோதம் என்று விட்டுவிடலாம். ஆனால் ஹேமநாதன் விடவில்லை.

ஹேமநாதன் கேபிள் டிவிக்காரர். அனுசுயா வீட்டின் முன்னறைதான் அவருடைய கண்ட்ரோல் ரூம். மனைவி போய் ஒன்பது வருடம், வயது ஐம்பத்தேழு, சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் மேலே போகும் ஒயரையே பார்ப்பார். நானூறு வீடுகளுக்கு லோக்கல் சேனல் ஒன்று நடத்துகிறார். கிருத்திகைக் கூட்டம், பிறந்தநாள் வாழ்த்து, காணாமல் போன ஆடு, எல்லாம் அதில் வரும். ஏழு வருடத்துக்கு முன் அவர் அனுசுயாவிடம் கல்யாணப் பேச்சை எடுத்த விதம் இந்தத் தெருவுக்கே தெரியும். ஏணிமேல் நின்றுகொண்டு, ஒயரைப் பார்த்தபடி சொன்னாராம்: "அனுசுயாம்மா, எனக்கும் யாரும் இல்ல, ஒங்களுக்கும் யாரும் இல்ல. ரெண்டு வூட்டுக்கு எதுக்குங்க ரெண்டு கனெக்‌ஷன்?"

அனுசுயா கோபப்படவில்லை. சந்தனக் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார். "என்னைப் பத்தொம்பது வயசுல கட்டிக் குடுத்தாங்க. யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அந்தாளு செத்தப்பறம் குவைத்துக்கு அனுப்பிச்சாங்க. அதுக்கும் கேக்கல. இப்பத்தான் மொத மொத நீங்க கேக்கறீங்க. கேட்டா இன்னா சொல்லணும்னு எனக்குத் தெரியாதுங்க. கப்பல்கிட்ட அந்தப் பொண்ண ஒருத்தன் கேட்டாம்பாருங்க, அவ இன்னா சொன்னான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

வேறு ஆளாக இருந்தால் ஏணியை மடித்துக்கொண்டு போயிருப்பார். ஹேமநாதன் படத்தைத் தேட ஆரம்பித்தார். படத்தின் பெயர் தெரியாது. அனுசுயாவுக்கு அரபி எழுத்து படிக்க வராது. அரக்கோணத்தில் ஒரு சிடி கடை விடவில்லை. கடை கடையாகப் போய்ப் பாட்டைப் பாடிக் காட்டினார். ஒரு கடையில் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். பிறகு எங்கள் மொட்டை மாடியில் ஆறடிக் குடை டிஷ் ஒன்றை மேற்குப் பார்த்து நிறுத்தினார். அதில் ஒட்டகப் பந்தயம் ஒன்றும், கம்பளம் விற்கும் சேனல் ஒன்றும் கிடைத்தன. ஒட்டகப் பந்தயத்தை ஒரு வாரம் லோக்கல் சேனலில் விட்டார். எங்கள் தெருவில் அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. இப்போது அந்த டிஷ்ஷில் அனுசுயா மிளகாய் காயவைக்கிறார்.

படம் தானாக வந்து சேர்ந்தது. ஆர்.கே.பேட்டையைச் சேர்ந்த ப்ளெஸ்ஸி குவைத்தில் நர்ஸ். விடுமுறைக்கு வந்தவர், மொட்டை போட்டுக்கொண்ட தோழிக்குத் துணையாகச் சந்தனக் கடைக்கு வந்தார். பாட்டைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். "அக்கா, இது ஒங்களுக்கு எப்டித் தெரியும்? அங்க பண்டிகைக்குப் பண்டிகை இந்தப் படந்தான போடுவாங்க! கடைசில அந்தப் பொண்ணு..." அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அனுசுயாவின் மஞ்சள் கை அவர் வாயை மூடியிருந்தது. அன்று மாலை வாயைச் சுற்றிச் சந்தனத்தோடு அந்த நர்ஸ், ஹேமநாதனின் கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஹேமநாதன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அவங்களுக்கு முன்னாடி நான் பாத்தா மருவாதி இல்லீங்க" என்றார் என்னிடம். தனியாக ஒருவருக்குப் படம் காட்டும் வழியும் அவருக்குத் தெரியாது. எனவே ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு லோக்கல் சேனலிலேயே விட்டார். 'இன்று அனுசுயா அவர்களின் எகிப்து படம்' என்று காலையிலிருந்தே கீழே எழுத்து ஓடியது. எதிர்வீட்டுத் தமிழ்செல்வி, அனுசுயா எந்தக் காட்சியில் வருகிறார் என்று கடைசிவரை தேடிக்கொண்டிருந்தார்.

அனுசுயா வீட்டுக் கூடத்தில், டிவிக்கு எதிரே, கடையிலிருந்து கொண்டுவந்த பெஞ்சின் நடுவில் அனுசுயா. பட்டுப்புடவை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றில் நான், மற்றதில் ஹேமநாதன். குல்லா வந்தது. கூடை ஆடியது. நடிகர்கள் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் அனுசுயா அவர்கள் வசனத்தைச் சொன்னார். துறைமுகம் வந்தது. கண்டக்டர் ஓடி வந்தான், கேட்டான்.

அனுசுயா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டது. ஹேமநாதன் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். அனுசுயா பால் ஆற்றிக்கொண்டு வந்தபோது திரையில் எழுத்து. டம்ளரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. "அடப்பாவி, நான் போய்ட்டனா?"

ஹேமநாதன் முன்னறைக்கு ஓடிப் படத்தைப் பின்னால் ஓட்டினார். நானூறு வீட்டிலும் கண்டக்டர் மறுபடி ஓடி வந்தான். அனுசுயா மறுபடி எழுந்தார். மூன்றாம் முறை நான் பால் பாத்திரத்தை எடுத்து மாடியில் ஒளித்துவைத்தேன். அனுசுயா வெறும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் முன்னால் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "எனக்கு ஆவாதுங்க. இந்த ஒடம்பு ஒக்காராது. எனக்கு அந்த முடிவு தெரியவே போறதில்ல போலக்குது" என்றார். கண் கலங்கியிருந்தது. ஹேமநாதன் ஒயரைப் பார்க்கவில்லை. அவர் அனுசுயாவின் முகத்தை நேராகப் பார்த்ததை அன்றுதான் நான் கண்டேன்.

முன்னறைக்குப் போய் மூன்றாம் முறையாகப் படத்தைப் பின்னால் ஓட்டிவிட்டு வந்தார். மாடியில் இருந்த பாத்திரத்தை என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "நீங்க ஒக்காருங்க. பால நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார். கண்டக்டர் ஓடி வந்தான். அனுசுயாவின் உடம்பு எழப் பார்த்தது, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உள்ளே லைட்டர் சொடுக்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் பிடி தளர்ந்து, முதுகு பின்னால் சாய்ந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

முடிவு எனக்கு மூன்று தடவை பார்த்துப் பழக்கம். அந்தப் பெண் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. கப்பல் ஊதுகிறது. அவள் உட்கார்ந்திருக்கும் பெட்டியில் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விடுகிறாள். எழுத்து வந்துவிடுகிறது.

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற ஓசை கேட்டது. "பொங்கிடுச்சிங்க! ஐயோ, எத்தப் புடிச்சி எறக்கறது?" என்று ஹேமநாதன் அலறினார். அனுசுயா திரும்பவில்லை. "பொங்கட்டும் வுடுங்க" என்றார்.

புகையும் கரித்துணியுமாக ஹேமநாதன் அடுக்களை வாசற்படியில் வந்து நின்று, "அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சிங்க?" என்று கேட்டார்.

அனுசுயா பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். விட்ட இடத்தைப் பட்டுப்புடவைத் தலைப்பால் ஒருமுறை தட்டிவிட்டார்.