அடிக்கிறவரா, நிற்கிறவரா

என் கணவருக்கு வேலை கிடைக்காத அந்த வருடம், எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டையெல்லாம் பேஸ்பாலைப் பற்றித்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நியூசிலாந்தில், மவுண்ட் ரோஸ்கில் என்ற இடத்தில் ஒரு பூங்காவுக்கு எதிரே வாடகைக்கு இருந்தோம். நான் யாழ்ப்பாணத்துக்காரி, அவர் திருச்சிக்காரர். இரண்டு பேருக்கும் அந்த விளையாட்டின் அரிச்சுவடிகூடத் தெரியாது.

ஊரில் பாலம் கட்டிய எஞ்சினியர் அவர். இங்கே போன இடமெல்லாம், நியூசிலாந்தில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனேன். அவர் வீட்டில் இருந்தார். முதலில் கோபப்பட்டார், பிறகு புலம்பினார், பிறகு பேச்சையே விட்டுவிட்டார். கல்யாணப் பந்தலிலேயே ஐயரோடு வாதாடிய மனிதர்! என்ன கேட்டாலும் "ம்" என்பார். அந்த "ம்"தான் எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமைகளில் பூங்காவில் சாஃப்ட்பால் ஆடுவார்கள். அதுவும் பேஸ்பால் மாதிரிதான், பந்து கொஞ்சம் பெரிது. ஒருநாள் தடித்த ஆள் ஒருவர் அடித்த பந்து வேலியைத் தாண்டி வந்து எங்கள் தபால் பெட்டியில் மோதியது. என் கணவர் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "இவன்டா ஆளு!" என்றார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவராக வாய் திறந்து சொன்னது. நான் விடுவேனா?

"இவரோ? மற்ற நேரமெல்லாம் வீசி வீசி அவுட்டாகிறார். அந்த மெல்லிய ஆளைப் பாருங்கோ, மோசமான பந்தைத் தொடவே மாட்டார். அப்பிடி நாலு பந்து வந்தால் ஓடிச் சுத்துற நாலு மூலையிலை முதல் மூலைக்குச் சும்மா நடந்தே போகலாம். அவர்தான் பெரிய ஆள்" என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அரைகுறையாகக் கேட்டு வைத்திருந்த விதி அது.

"சும்மா நிக்கிறதுக்கெல்லாம் பேரா? பந்து வேலிக்கு அந்தப் பக்கம் போகணும். அதுதான் அடி!"

அவருக்கு மூக்கு சிவந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அதற்குப் பிறகு நூலகத்திலிருந்து அமெரிக்க பேஸ்பால் புத்தகங்களை எடுத்துவந்து படித்தேன். உண்மையைச் சொன்னால், இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் தூக்கம் வந்துவிடும். ஆனாலும் பருப்பு தாளிக்கும்போது ஒரு கேள்வி, துணி மடிக்கும்போது ஒரு கேள்வி என்று போட்டுக்கொண்டே இருந்தேன். என்னை மடக்குவதற்காக அவரும் நூலகத்துக்குப் போகத் தொடங்கினார். எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள் யார்? தூரமாக அடித்தவரா, அடிக்கடி அடித்தவரா? அந்தக் காலத்தில் பந்து எறிந்தவர்கள் இப்போதைப் போல வேகமாக எறிந்தார்களா? சோற்றைத் தள்ளிவிட்டு, தட்டில் நான்கு வடகத்தை நான்கு மூலையாக வைத்து எனக்கு விளக்குவார். எனக்கு அந்த மனிதரை அப்படியே கட்டிப்பிடிக்கத் தோன்றும். ஆனால் "உங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்பேன்.

ஒரு நிறுவனத்தில் அவரை இரண்டு முறை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். சட்டை இஸ்திரி போடும்போது சீட்டியடித்தார். பிறகு ஒரு மாலை தொலைபேசி வந்தது. வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

நான் சோற்றைப் போட்டுவிட்டு, வழக்கம்போல வம்புக்கு இழுத்தேன். "அப்ப, நிண்டு விளையாடுறவர்தானே பெரிய ஆள்?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "சரி. நீ சொல்றதுதான் சரி."

மாதக்கணக்காகச் சண்டை போட்டும் அவர் வாயிலிருந்து வராத சொல்.  இந்த மனிதர் இனி எதற்கும் வாதாட மாட்டாரோ என்று பயந்துபோனேன்.

"இல்லை, நான் யோசிச்சுப் பார்த்தனான்" என்றேன். "நீங்கள் சொன்னதுதான் சரி. அடிக்கிறவர்தான் பெரிய ஆள். நிக்கிறதிலை என்ன கிடக்கு?"

அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார்.

"என்ன கிடக்கா?" குரல் மெல்ல ஏறியது. "எவன் எவனோ எறியறதையெல்லாம் பாத்துக்கிட்டு, அவசரப்படாம, அவுட்டும் ஆகாம அங்கேயே நிக்கிறான் பாரு, அது லேசுன்னு நினைச்சியா நீ?"

"லேசுதானே" என்றேன். கண் கலங்கியதை அவர் பார்க்காதபடி குழம்பு எடுக்க எழுந்தேன். அவர் விடவில்லை, அடுப்படிவரை பின்னாலேயே வந்து கத்தினார்.