குடையை மடக்கச் சொன்ன மழை

எண்பதுகளின் தொடக்கத்தில் காளவாசலில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ இருந்தது. கல்யாண ஜோடி, பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து என்று பிழைப்பு ஓடியது. ஒருநாள் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்து, தன் உழவு மாடுகளைப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். மழை பொய்த்துவிட்டது, தீவனம் தீர்ந்துவிட்டது, மறுநாள் சந்தைக்கு ஓட்டியாக வேண்டுமாம்.

"கன்னுக்குட்டில இருந்து வளத்த சோடிண்ணே. வீட்ல அவ சோறு திங்க மாட்டேங்குறா. போட்டோவாச்சும் இருக்கட்டும்ங்குறா."

மாட்டுக்கெல்லாம் போட்டோவா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன்.

அவருடைய கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் மனைவி இரண்டு மாடுகளையும் ஈரத்துணியால் துடைத்து, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து நிறுத்தியிருந்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம். நான் ஸ்டாண்டைப் போட்டு, லென்சில் வெயில் அடிக்காமல், கையோடு கொண்டுபோன குடையை விரித்துப் பிடித்தேன். மாடு நின்றால்தானே! ஈ கடித்தால் தலையை ஆட்டும், தலையை ஆட்டினால் ஃபிலிம் வீண். "அசையாம பிடிப்பா!" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

அதற்குள் மேற்கே கருத்துவிட்டது. நான் சட்டை செய்யவில்லை. அந்த வருஷம் இப்படிக் கருத்துக் கருத்து ஏமாற்றிய மேகம் எம்புட்டோ. புழுதிக்காற்று வந்தது. அடுத்து, நெல்லிக்காய் பருமனில் துளி விழுந்தது. பதறிப்போய்க் குடையைக் கேமராவுக்கு மேலே கொண்டுபோனேன்.

"ஐயையோ, குடைய மடக்குங்கண்ணே!" அந்த அம்மா ஓடி வந்தார். "காஞ்சு கெடந்து வார மழைக்குக் குடை பிடிச்சா, கோவிச்சுக்கிட்டுப் போயிரும்!"

"அட, தள்ளிப் போம்மா! கேமரா நனைஞ்சா நான் தெருவுலதான் நிக்கணும்!"

அவர் தள்ளிப் போகவில்லை. குடையைப் பிடுங்கி மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வந்தது வந்தோம் என்ற வீம்பில் கேமராவை மேற்கே திருப்பி, காட்டைத் தாண்டி வெள்ளையாக வந்துகொண்டிருந்த மழையை எடுத்தேன். சட்டை முனையால் லென்சைத் துடைத்துத் துடைத்து எடுத்தேன். பிறகு கேமராவைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு குனிந்து நின்றேன்.

மழை விடவில்லை. விவசாயி மாட்டுக் கயிற்றை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டார். ஈரம் எதுவரைக்கும் போயிருக்கிறது என்று துழாவினார்.

"எறங்கிருச்சுடி! அடி வரைக்கும் எறங்கிருச்சு!"

அந்த அம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

மழை தணிந்து கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எடுத்த காரியத்தை முடித்துவிடலாம் என்று கேமராவை வெளியே எடுத்து, "மாட்ட நிறுத்துப்பா" என்றேன். அவர் காதில் விழவே இல்லை. கலப்பையைப் பார்க்க வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அந்த அம்மாதான் குடையை என்னிடம் நீட்டினார்.

"போட்டோ எதுக்குண்ணே இனிமே? அதுக ரெண்டும் இங்கனதான நிக்கப் போகுது."