துரைக்கு உப்பு கொடுத்தது யார்

துரை செத்து ஒன்பது நாளாகியிருந்தது. அழுது ஓய்ந்தவள், இப்போது ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

துரை அவர்கள் வீட்டு நாய். வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும் அதன் தோரணைக்காக அவள் கணவர் வைத்த பெயர். பதினோரு வயதில் சிறுநீரகம் கெட்டுப்போனது. “நாக்குல உப்பே படக்கூடாதும்மா. ஒழுங்கா பாத்துக்கிட்டா ஒரு வருஷம் ஓட்டலாம்” என்றார் மருத்துவர். அன்றுமுதல் உப்பில்லாமல் அவளே சோறும் கறியும் வேகவைத்தாள். காலையில் கிண்ணத்தை நிரப்பிவிட்டு வேலைக்குப் போவாள். திரும்பி வந்தால் துடைத்துவைத்த மாதிரி காலியாக இருக்கும். நன்றாகச் சாப்பிட்ட நாய் நான்கே மாதத்தில் எப்படிப் போகும்? யாரோ உப்புப் பண்டம் கொடுத்து அவள் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார்கள்.

முதலில் மாடிவீட்டு அக்காவைச் சந்தேகித்தாள். எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கும் வாய் அது. வாசலில் வைத்திருந்த அவருடைய குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தபோது கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

“என்ன தையக்காரம்மா, என் குப்பையில புதையலா இருக்கு?”

“பொத்தான் ஒண்ணு உருண்டு வந்துடுச்சுக்கா.”

“மாடிப்படி ஏறியா உருண்டு வந்துச்சு?”

தலையைக் குனிந்தபடி இறங்கி வந்துவிட்டாள்.

அவளுக்கு வேலை, பழைய துணிகளைத் திருத்தும் கடையில். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவள். எந்தத் துணி வந்தாலும் முதலில் பையை வெளியே இழுத்து உதறிவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவாள். கசங்கிய டிக்கெட்டும் மூக்குப்பொடியும் பார்த்தே ஆட்களை அளந்துவிடுவாள். அதை வெளியே சொல்லமாட்டாள்.

அன்று, மடிப்புப் பிரிந்த கணவரின் சீருடைக் கால்சட்டையைக் கடைக்கு எடுத்துப் போயிருந்தாள். அவர் பேருந்து ஓட்டுநர். பழக்கத்தில் பையை வெளியே இழுத்தாள். பிஸ்கட் தூள் உதிர்ந்தது. ஒரு துணுக்கை நாக்கில் வைத்தாள். உப்பு பிஸ்கட். இரத்தக்கொதிப்பு வந்தபின் ஆறு வருடமாக அவர் தொடாதது.

பதினெட்டு வருடமாக ஒரே கூரையின்கீழ் இருக்கும் மனிதர். நாய் செத்த அன்று அவளைவிட அதிகமாக அழுதவர். அந்த அழுகைகூட நடிப்போ என்று ஓடியது புத்தி.

சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும், டீக்குப் பதிலாக ஒரு சின்னத் தட்டை முன்னால் வைத்தாள். அதில் அந்தத் தூள்.

அவர் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அவன் உன் சோத்தைத் தொடவே இல்ல,” என்றார். “சாகறதுக்கு முந்தி பத்து நாளா. மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குவான்.”

“கிண்ணம் காலியா இருந்துச்சே.”

“மத்தியானம் வண்டிய நிறுத்திட்டு வந்து நான்தான் அதை வெளிய கொட்டினேன். காலிக் கிண்ணத்தப் பாத்து நீ சிரிச்ச பாரு, அப்புறம் எப்படிச் சொல்லுவேன்? டாக்டர்கிட்ட போன் போட்டுக் கேட்டேன். இனி எதைத் தின்னாலும் ஒண்ணுதான், ஆசைப்பட்டதக் குடுன்னுட்டார்.”

“என்கிட்ட மறைச்சுட்டீங்க.”

“ஆமா.”

நாளை மருத்துவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்பாள். அதை அவரும் அறிவார்.

“பிஸ்கட்ட தின்னானா?”

“தின்னான். வாலாட்டிக்கிட்டே.”

கடைசி வாரம் முழுக்க அந்த வால் அசைந்து அவள் பார்க்கவேயில்லை. அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். இது பொய்யாக இருக்கலாம். இதை மட்டும் துருவ அவளுக்கு மனம் வரவில்லை.

“எப்படி ஆட்டினான், சொல்லுங்க” என்று எதிரே உட்கார்ந்தாள்.