சிபுதாவுக்கு விழாத ஓட்டு

துறைமுக அலுவலகக் கால்பந்து அணியின் பழைய ஆட்டக்காரர்களில் யார் மீது எல்லோருக்கும் பிரியம் என்று கொல்கத்தா கார்டன் ரீச்சில் யாரைக் கேட்டாலும், யோசிக்காமல் சிவலிங்கம் என்பார்கள். தூத்துக்குடிக்காரர். விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு வந்து, ஓய்வுக்குப் பிறகும் கொல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். வங்காளிகளுக்கு அவர் சிபுதா, அதாவது சிபு அண்ணன். ஆட்டத்தில் யாருக்குக் கால் பிசகினாலும் பெஹாலாவானாலும் டாக்குரியாவானாலும் வீட்டு வாசல்வரை கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விடுவார். தோற்ற நாளில், அணியில் கூட ஆடிய பட்டாபியைப் பார்த்து, "கோட்டை விட்டது நானு. மூஞ்சி உனக்கு ஏம்ல தொங்குது?" என்பார்.

இந்த ஆண்டு துர்கா பூஜை முடிந்து நடக்கும் பிஜயா சம்மிலனி என்ற ஒன்றுகூடலில், அந்த அணியிலேயே அதிகம் நேசிக்கப்படுபவருக்குச் சால்வை போர்த்துவதாகத் தெருக் கிளப் அறிவித்தது. பழைய ஆட்டக்காரர்களே வாட்ஸாப் குழுவில் ஆளுக்கொரு ஓட்டுப் போட வேண்டும். தன் பெயருக்குப் போடக்கூடாது.

பட்டாபி யோசித்தார். சிவலிங்கத்துக்கு எப்படியும் குவிந்துவிடும். பாவம் கோபு, பாதி ஆட்டங்களில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவன். ஒன்றுகூட விழாவிட்டால் நொந்துபோவான். கோபுவின் பெயரைத் தொட்டார்.

முடிவில் நரேன் முதலிடம். கோபுவுக்குக்கூட இரண்டு ஓட்டு. சிவலிங்கத்துக்கு ஒன்றுமில்லை. யார் யாருக்குப் போட்டார்கள் என்பதும் திரையில் தெரிந்தது.

பட்டாபி பதறிப்போய் போன் செய்தார். "சிவலிங்கம், அது வந்து..."

"என்னல, டெபாசிட் போச்சுன்னு துக்கம் விசாரிக்கியா? விடுல. கோபுவுக்குப் போட்டியே, நல்ல காரியம்."

காரணத்தைச் சொன்னால் சால்ஜாப்பு மாதிரி இருக்கும் என்று பட்டாபி பேச்சை மாற்றினார்.

சம்மிலனியில் சிவலிங்கம் முன்வரிசையில் உட்கார்ந்து, நரேனுக்காகக் கை சிவக்கத் தட்டினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அரட்டைக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றார். போய்ப் பார்க்க வேண்டும் என்று பட்டாபி நினைத்துக்கொண்டே இருந்தார். காளி பூஜைக்கு மறுநாள் காலையில் சிவலிங்கத்துக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மயானத்தில் நரேன்தான் முதலில் உடைந்தார். "எல்லாரும் சிபுதாவுக்குத்தான் போடுவாங்கன்னு நெனச்சேன். அதான் தீபக்குக்குப் போட்டேன்" என்று வங்காள மொழியில் சொல்லி அழுதார். தீபக் நிமிர்ந்து பார்த்தார். "நானும் அப்படித்தான் நெனச்சேன், நரேன்தா." மற்றவர்களும் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள்.

காரியம் முடிந்த அன்று, பட்டாபிக்குக் காபி கொடுத்துவிட்டு சிவலிங்கத்தின் மனைவி யசோதா அங்கேயே நின்றார்.

"அண்ணே, அவங்க உங்க யாருக்காவது ஏதும் கெடுதல் செஞ்சாங்களா? போனை எடுத்து எடுத்து அந்த ஓட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

பட்டாபி ஒன்று விடாமல் சொன்னார். தான் நினைத்ததை, நரேன் நினைத்ததை, எல்லோரும் ஒரே மாதிரி நினைத்துவிட்டதை.

யசோதா கோபப்படவில்லை. "இத அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம்மா" என்றார் பட்டாபி.